ஆண்டுச் சம்பளம் 90 பவுண்டு: ‘ரெபேக்கா’ ஒலிநூலைக் கேட்டு முடித்தபின்

இந்த நாவலை முதலில் படித்தபோது எனக்கு வயது 21. கதாநாயகிக்கும் 21. இப்போது ஒலிநூலாகக் கேட்டு முடித்திருக்கிறேன், எனக்கு 42. கதாநாயகனுக்கும் 42. திட்டம் போட்டுச் செய்யவில்லை. அலுவலகம் போய்வரும் நேரமும் துணி தேய்க்கும் நேரமும் வீணாகிறதே என்றுதான் வாங்கினேன். ஆறாவது அத்தியாயத்தில், ‘அவருக்கு 42தானே ஆகிறது, நானும் வயதுக்கு மிஞ்சிய பக்குவம் உள்ளவள்தான்’ என்ற பொருளில் அந்தப் பெண் தன் எஜமானியிடம் வாதாடுவாள். கேட்டதும் இஸ்திரிப்பெட்டியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது. நல்ல வேளை, தேய்த்துக்கொண்டிருந்தது பழைய தலையணை உறை.

டாஃப்னே டு மாரியே எழுதி 1938இல் வெளிவந்த ‘ரெபேக்கா’தான் அந்த நாவல். பலரும் இதை மர்மக் கதை என்று வைத்திருப்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: யார் யாரைக் கொன்றார் என்பது உட்பட எல்லாவற்றையும் கீழே போட்டு உடைக்கப்போகிறேன். மர்மம் கெடக் கூடாது என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டு, நூலைக் கேட்டுவிட்டு வரலாம்.

முதலில் வாங்கிய பொருளைப் பற்றி. சுருக்கப்படாத ஆங்கில மூலம், 27 அத்தியாயங்கள், இயல்பான வேகத்தில் ஏறக்குறைய 15 மணி நேரம். வாசித்திருப்பவர் ஒரு பெண். குரலில் வித்தை காட்டாதவர். கதாநாயகன் மேக்சிம் டி வின்டர் பேசும் இடங்களில் தொண்டையைக் கனக்கச் செய்து நம்மை இம்சிக்கவில்லை. குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, சொற்களுக்கு நடுவே கூடுதலாக ஒரு நொடி விடுகிறார், அவ்வளவுதான். அந்த ஒரு நொடியில் ஒரு முழுப் பணக்காரன் தெரிந்துவிடுகிறான். தன்னை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள் என்பதைப் பிறந்ததிலிருந்தே அறிந்தவன். கதாநாயகிக்கோ ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. பாதியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் மீதியைச் சொல்கிறாள். அச்சில் படித்தபோது இது எனக்குத் தெரியவே இல்லை. இரண்டு பேருடைய பேச்சும் ஒரே எழுத்தில், ஒரே அளவில்தானே அச்சாகிறது. நேரம் மிச்சமாகட்டும் என்று வேகத்தை ஒன்றேகால் மடங்குக்கு ஏற்றிப் பார்த்தேன். அந்த வேறுபாடு கரைந்துபோய்விட்டது. ஆகவே இயல்பான வேகத்திலேயே கேளுங்கள்.

கதை இதுதான். மான்டி கார்லோவில் ஒரு ஹோட்டல். திருமதி வான் ஹாப்பர் என்ற வாயாடிப் பணக்காரிக்குத் துணையாக இருப்பதற்காகச் சம்பளம் வாங்கும் ஓர் அநாதைப் பெண். அங்கே மாண்டர்லி மாளிகைக்குச் சொந்தக்காரரான மேக்சிம் வருகிறார். மனைவி ரெபேக்கா கடலில் மூழ்கி இறந்து ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது. எஜமானி காய்ச்சலில் படுத்திருக்க, இவர் அந்தப் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு சுற்றுகிறார். சில வாரங்களில் திருமணம். பிறகு மாண்டர்லி, அங்கே இறந்தவளையே எஜமானியாக நினைத்து வீட்டை நடத்தும் திருமதி டான்வர்ஸ், ஒரு மாறுவேட விருந்து, ஒரு படகு, ஒரு பிணம், கடைசியில் நெருப்பு.

கதை சொல்லும் அந்தப் பெண்ணின் பெயர் 27 அத்தியாயங்களிலும் ஓரிடத்தில்கூட வருவதில்லை. அழகான, அபூர்வமான பெயர் என்று மேக்சிம் பாராட்டுகிறார். அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. பின்னால் அவளுக்குக் கிடைக்கும் ‘திருமதி டி வின்டர்’ என்ற பெயரோ ஏற்கெனவே ஒருத்தி உடுத்திக் களைந்த துணி.

நான் கணக்குத் தணிக்கை செய்கிறவள். சம்பளம் என்ற சொல் காதில் விழுந்தால் மற்றதெல்லாம் பின்னால் போய்விடும். அந்தப் பெண்ணுக்கு ஆண்டுக்கு 90 பவுண்டு. அவளே தயங்கித் தயங்கி மேக்சிமிடம் சொல்கிறாள். துணையாக இருப்பதைக்கூட விலைக்கு வாங்க முடியுமா என்று அவர் வியக்கிறார். அடிமைச் சந்தைபோல் இருக்கிறது என்று கேலி செய்கிறார். நல்லது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைக் கேளுங்கள்.

எஜமானி திடீரென நியூயார்க் புறப்படுகிறாள், இவளும் போக வேண்டும். அதைச் சொல்லிவிட்டுப் போக மேக்சிமின் அறைக்கு ஓடுகிறாள். அவர் காலைச் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டே, அமெரிக்காவா மாண்டர்லியா, எது வேண்டும் என்று கேட்கிறார். செயலாளர் மாதிரி யாராவது தேவைப்படுகிறதா என்று அவள் கேட்கிறாள். முட்டாள் பெண்ணே, உன்னைத் திருமணம் செய்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்கிறார். 21 வயதில் எனக்கு இந்த இடம் தித்தித்தது. பெரிய மனிதர், அலட்டிக்கொள்ளாமல் காதலைச் சொல்கிறார் என்று மயங்கினேன். அடுத்து அவர் சொல்வது என் காதில் அன்று விழவே இல்லை. அந்த அம்மாளுக்குத் துணையாக இருப்பதற்குப் பதிலாக எனக்குத் துணையாக இருக்கப்போகிறாய், வேலைகள் ஏறக்குறைய அதேதான் என்கிறார். எனக்கும் நூலகத்திலிருந்து புதிய புத்தகங்கள் வேண்டும், கூடத்தில் பூ வைக்க வேண்டும், இரவு உணவுக்குப் பின் சீட்டாட வேண்டும், தேநீர் ஊற்றித் தர வேண்டும். சீரண மருந்து மட்டும் நான் வேறு குடிப்பேன், அப்புறம் என் பற்பசை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்பது தெரிகிறது. ஆனால் என் மேசைக்கு வந்திருந்தால் இதைப் பணி மாற்ற உத்தரவு என்றுதான் கோப்பில் சேர்த்திருப்பேன். வேலை அதே, எஜமானர் புதியவர், சம்பளப் பத்தியில் சுழி. 90 பவுண்டு வேலையைவிட்டு அவள் விலக முடியும், எஜமானியை மாற்றிக்கொள்ளவும் முடியும். இந்த வேலையிலிருந்து விலகி அவள் எங்கே போவாள்? பெற்றோர் இல்லை, பணம் இல்லை. ‘அமெரிக்காவா மாண்டர்லியா’ என்ற கேள்வியில் மூன்றாவது விடை இல்லை என்பது அவளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே கேட்கிறார் என்பதுதான் இப்போது என்னை உறுத்துகிறது. வயது வித்தியாசத்தைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் அலுவலகத்தில் 21, 22 வயதில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் உண்டு. புத்திசாலிகள். என்னைவிட வேகமாகக் கணினியில் வேலை செய்வார்கள். ஆனால் நான் ஒரு கோப்பை மூடிவைத்துவிட்டு ‘சரி’ என்று சொன்னால், அந்தச் ‘சரி’ எந்த வகைச் ‘சரி’ என்று பத்து நிமிடம் குழம்புவார்கள். முகம் சுளித்தால் அன்று மதியம் அவர்கள் சாப்பாடு இறங்காது. என் கையில் அத்தனை பலம் இருப்பதே சில ஆண்டுகளுக்கு முன்புதான் எனக்குப் புரிந்தது. அது புரிந்தபின் முகத்தைக் காவல் காக்கப் பழகினேன். மேக்சிம் அப்படிப் பழகவில்லை. திடீரென்று இறுகுவார், அறையைவிட்டுப் போவார், ஒரு சொல் விளக்கம் தர மாட்டார். பாவம், அவர் துயரம் அவருக்கு. ஆனால் எதிரில் இருப்பவள் அந்த மௌனத்துக்கு உரை எழுதியே நாவலில் பாதியைக் கழிக்கிறாள்: ரெபேக்காவை நினைக்கிறாரோ, என்னைக் கட்டியதற்கு வருந்துகிறாரோ. வீட்டு நாயோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறாள். சாய்ந்துகொண்டு கிடந்தால் நினைவு வரும்போது தட்டிக்கொடுப்பார் என்று.

பீங்கான் பொம்மைச் சம்பவத்தைச் சொல்லாமல் விட முடியாது. விலை உயர்ந்த ஒரு மன்மதன் பொம்மையை அவள் தவறிக் கீழே போட்டு உடைத்துவிடுகிறாள். உடைந்த துண்டுகளை உறையில் போட்டு மேசை இழுப்பறையின் பின்பக்கம் ஒளித்துவைக்கிறாள். தன் வீட்டில்! வேலைக்காரப் பையன்மேல் பழி விழுந்த பிறகுதான் உண்மையைச் சொல்கிறாள். வீட்டு எஜமானி மாதிரியா நடந்துகொண்டாய், எடுபிடிப் பெண் மாதிரி அல்லவா நடந்துகொண்டாய் என்று மேக்சிம் சொல்கிறார். நான் அப்படித்தான் இருக்கிறேன் என்கிறாள் அவள். இந்த நாவலில் அவள் பேசும் மிக முதிர்ந்த வாக்கியம் இதுதான் என்பேன். தன் பதவி என்ன என்று அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. அவருக்குத்தான் தெரியவில்லை.

பதினாறாவது அத்தியாயத்தை இருமுறை கேட்டேன். மாறுவேட விருந்துக்கு என்ன உடுத்துவது என்ற பேச்சு. விரலை வாயில் வைத்துக்கொண்டு ஆலிஸ் என்ற அந்தக் கதைச் சிறுமியைப்போலவே இருக்கிறாய், அந்த வேடமே போதும் என்கிறார் மேக்சிம். பிறகு அவருடைய முகக் குறிப்பைப் பற்றி அவள் ஏதோ கேட்கப்போக, வருகிறது அந்தப் பேச்சு: சிறுவயதில் சில புத்தகங்களை உன் தந்தை பூட்டிவைத்ததில்லையா? கணவனும் தந்தையும் அவ்வளவு வேறல்ல. சில விஷயங்கள் உனக்குத் தெரியாமல் பூட்டிக் கிடப்பதே நல்லது. பழத்தைச் சாப்பிடு, இதற்குமேல் கேள்வி கேட்டால் மூலையில் நிற்க வைத்துவிடுவேன்.

வாசிப்பவர் இந்த இடத்தைச் சிரித்த குரலில்தான் படிக்கிறார். மிகச் சரியான முடிவு. மிரட்டும் குரலில் படித்திருந்தால் நாம் தப்பித்திருப்போம். செல்லம் கொஞ்சும் குரலில் வருவதால்தான் உள்ளே இறங்குகிறது. என் முதல் அலுவலகத்தில் என்னைவிட இருபது வயது பெரியவர் ஒருவர் எல்லார் முன்னாலும் என்னைப் ‘பாப்பா’ என்பார். வாஞ்சை என்று நம்பினேன். கூட்டத்தில் நான் ஒரு தொகை தவறு என்று சொன்னபோது, ‘பாப்பா சொல்லுதே’ என்று சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். தவறு தவறாகவே ஆண்டறிக்கையில் ஏறியது. அவர் வயதுடைய ஒரு பெண்மணியும் அங்கே இருந்தார்; அவரை யாரும் அப்படி அழைத்து நான் கேட்டதில்லை.

இனி அந்தக் கொலை. மேக்சிம் ரெபேக்காவைச் சுட்டுக் கொன்று படகோடு மூழ்கடித்தவர். இதைக் கேட்டதும் அந்தப் பெண்ணுக்கு ஏற்படுவது திகில் அல்ல, நிம்மதி. அவர் ரெபேக்காவைக் காதலிக்கவே இல்லை என்பது மட்டும்தான் அவள் காதில் விழுகிறது. 21 வயதில் நானும் அவளோடு சேர்ந்து நிம்மதி அடைந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு பெண்ணின் நெஞ்சில் குண்டு பாய்ந்திருக்கிறது, நாங்கள் இருவரும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம்!

அதன் பிறகு அவள் ஒரே இரவில் பெரியவளாகிவிடுகிறாள். உணவுப் பட்டியலைப் பற்றி டான்வர்ஸுக்கு அதட்டலாகக் கட்டளை இடுகிறாள். முன்பிருந்த எஜமானி எப்படிச் செய்தாள் என்பது எனக்குத் தேவையில்லை, இப்போது நான்தான் திருமதி டி வின்டர் என்கிறாள். நமக்குக் கைதட்டத் தோன்றுகிறது. ஆனால் அவளுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? அனுபவத்திலிருந்து அல்ல, வருமானத்திலிருந்து அல்ல. அவருடைய கழுத்துக்கான கயிறு இப்போது இவள் கையில் இருக்கிறது, அதிலிருந்து வந்தது. அதை அவள் இழுக்கப்போவதில்லை. ஆனாலும் இருக்கிறது.

அவள் வளர்ந்ததை மேக்சிம் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதில்தான் டு மாரியேயின் கத்தி மின்னுகிறது. நான் காதலித்த அந்த வெள்ளந்தியான, வழி தவறிய பார்வை போய்விட்டது, இனி வராது, ரெபேக்காவைப் பற்றிச் சொல்லி நானே அதைக் கொன்றுவிட்டேன், 24 மணி நேரத்தில் இவ்வளவு மூப்படைந்துவிட்டாயே என்று வருந்துகிறார். ஒரு கொலையைச் செய்தவர் இரண்டாவது கொலையாக எதைக் கணக்கில் எழுதுகிறார் பாருங்கள். அவளுடைய அறியாமையை. ஆரம்பத்தில் காரில் போகும்போது, 36 வயதுப் பெண்ணாகக் கறுப்புப் பட்டும் முத்துமாலையும் அணிந்து இருக்க மாட்டேனா என்று அவள் ஏங்கியதும், அப்படி இருந்தால் என் காரில் இருக்க மாட்டாய் என்று அவர் சொன்னதும் இங்கே வந்து முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. மனிதர் எதையும் மறைக்கவில்லை. நாம்தான் காது கொடுக்கவில்லை.

1940இல் ஹிட்ச்காக் இதைப் படமாக்கினார். சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் அதற்குக் கிடைத்தது. ஆனால் மனைவியைக் கொன்ற கணவன் தண்டனை இல்லாமல் தப்பிப்பதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் அனுமதிக்காததால், படத்தில் ரெபேக்கா தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டு இறக்கிறாள். அத்துடன் கயிறும் போய்விட்டது. படம் பார்த்தவர்கள் நாவலை அழகான காதல் கதையாக நினைவில் வைத்திருப்பதில் வியப்பில்லை.

வயது இடைவெளி என்றாலே பலம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’வில் நாயகிக்கு 21 வயதுக்குச் சற்றுக் குறைவு, நாயகன் 16 ஆண்டு மூத்தவர். ஆனால் அவளுக்கு 30,000 பவுண்டு சொந்தச் சொத்து உண்டு. அவர் கண்டித்தால் எதிர்த்து வாதாடுவாள். திருமணத்துக்குப் பின் அவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வருகிறார். 1847இல் வந்த ‘ஜேன் அயர்’ நம் கதைக்கு இன்னும் நெருங்கிய உறவு: 18 வயது ஆசிரியை, நாற்பதை நெருங்கும் முதலாளி, மறைத்துவைத்த முதல் மனைவி, எரிந்துபோகும் மாளிகை. ஆனால் உண்மை வெளிப்பட்டதும் ஜேன் கிளம்பிப் போய்விடுகிறாள். பிறகு அவளுக்குத் தந்தையின் சகோதரர் வழிச் சொத்து 20,000 பவுண்டு வருகிறது. நான்காகப் பங்கிட்டுத் தன் பங்காக 5,000 வைத்துக்கொண்டு, பார்வை இழந்த அந்த மனிதரிடம் தன் விருப்பத்தால் திரும்பி வருகிறாள். அவள் பேரேட்டில் சொந்தமாக ஒரு தொகை இருக்கிறது. நம் பெயரில்லாப் பெண்ணின் பேரேட்டில் கடைசிவரை ஒன்றுமே ஏறவில்லை.

இதையெல்லாம் எழுதியவர் அறிந்துதான் எழுதினாரா என்று சிலர் கேட்பார்கள். அறிந்துதான் எழுதியிருக்கிறார். நூல் வெளிவந்தபோது அவருக்கு 31 வயது. இது பொறாமையைப் பற்றிய ஆய்வு என்றுதான் அவரே சொல்லிவந்தார். அதனால் நான் வாங்கிய பதிப்பின் அட்டைப்படத்தில், தழுவி நிற்கும் இணையையும் பின்னால் நிலவையும் பார்த்தபோது எரிச்சலாக இருந்தது. ஒலிநூலை வாங்கிய செயலி இதைக் காதல் வரிசையில் வைத்திருக்கிறது. முடித்ததும், இது பிடித்திருந்தால் இவையும் பிடிக்கும் என்று கோடீசுவர முதலாளிக் கதைகள் ஒன்பதை நீட்டியது. தூங்கும் நேரத்துக்கென வைத்திருக்கும் தானியங்கி நிறுத்தமும் வாக்கியத்தின் நடுவே வெட்டுகிறது. அத்தியாய முடிவுவரை பொறுக்கும் ஏற்பாடு இல்லை. ஐந்துக்கு நான்கு தருகிறேன். நான்கும் நாவலுக்கும் வாசித்தவருக்கும். பறித்துக்கொண்ட ஒன்று செயலிக்கும் அட்டைக்கும் பொது.

கடைசி அத்தியாயத்தில் மாண்டர்லி எரிகிறது, கதை சட்டென்று நிற்கிறது. துணி இன்னும் மிச்சம் இருந்ததால் அணைக்காமல் விட்டேன். ஒலிநூல் தானாகவே முதலிலிருந்து தொடங்கியது. கதையின் முடிவு உண்மையில் முதல் இரண்டு அத்தியாயங்களில்தான் இருக்கிறது. வீடிழந்த இருவரும் வெளிநாட்டில் சிறு ஹோட்டல்களில் காலம் தள்ளுகிறார்கள். அவர் இப்போது அவளை நம்பித்தான் இருக்கிறார், அந்தச் சார்புதான் தனக்குத் துணிச்சல் தந்தது என்று அவள் சொல்கிறாள். வேலை? அவருக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுகிறாள். ஹோட்டல், பிறருக்குத் துணை, சத்தமாக வாசிப்பு: மான்டி கார்லோவில் பார்த்த அதே வேலை.

ஒருநாள் காட்டுப் புறாக்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை வாசிக்கத் தொடங்குகிறாள். மாண்டர்லிக் காட்டின் நினைவு வந்துவிடுகிறது. அவர் முகம் சாம்பல் பூத்துப்போவதைப் பார்த்து நிறுத்துகிறாள். பக்கங்களைப் புரட்டி, சப்பென்றிருக்கும் ஒரு கிரிக்கெட் செய்தியைத் தேடிப் பிடித்து அதை வாசிக்கிறாள். அவர் முகம் தெளிகிறது. இனி நோகடிக்கும் செய்திகளை அவருக்குக் காட்டாமல் தனக்கு மட்டும் வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கிறாள். பதினாறாவது அத்தியாயத்துப் பூட்டும் சாவியும் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தன. சாவி கை மாறியிருக்கிறது.